துண்டுகள் பிழைத்துவிட்டன, லாத்தா

என் பிரியமுள்ள நசீமா லாத்தாவுக்கு,

முதலில் நல்ல சேதி. நாம் சேர்த்த துண்டுகள் பிழைத்துவிட்டன. சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்கு ஆகாது. "முடிவ மொதல்ல சொல்லு வளர்மதி, கதைய அப்புறம் கேட்டுக்குறேன்" என்பீர்கள். முடிவைச் சொல்லிவிட்டேன். இனிக் கதையைக் கேளுங்கள்.

உங்களைப் பார்த்தறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதிராம்பட்டினம். நான் குடவாசல் பக்கம் ஒரு கிராமம். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பம். தஞ்சாவூருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். வந்த முதல் நாளே, "மேடம்னெல்லாம் கூப்புடாத, லாத்தான்னு கூப்புடு" என்றீர்கள். எங்கள் தெருவில் அந்தச் சொல் கிடையாது. அக்காவைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று தெரிந்ததும் வாய்க்குப் பழகிவிட்டது. அப்புறம் என் அம்மாவே, "லாத்தா எப்ப வருது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

நாம் செய்த வேலை இதுதான். ஒரு மனிதரின் இரத்தத்திலிருந்து டிஎன்ஏவை எடுத்தோம். அதைப் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாக்டீரியாவுக்குள் குடிவைத்தோம். பாக்டீரியா பெருகும்போது உள்ளே இருக்கும் துண்டும் அச்சு அசலாகப் பெருகும். அதற்குப் பெயர்தான் குளோன். தட்டுக்கு முந்நூற்று எண்பத்து நான்கு குழி, குழிக்கு ஒரு குளோன் என்று ஆயிரக்கணக்கில் பிரித்து, கடுங்குளிரில் உறைய வைத்தோம். ஒரு துண்டின் நுனி இன்னொரு துண்டின் நடுவில் இருக்கும். நுனிகளைப் பொருத்திக்கொண்டே போனால் முழு டிஎன்ஏவுக்கும் வரைபடம் போட்டுவிடலாம்.

"மனுச மரபணுவுக்குத்தான் எப்பவோ படம் போட்டாச்சே, நீங்க எதுக்கு மறுபடியும்?" என்று நம் திட்டத்தைப் பரிசீலித்த தேர்வுக்குழுவில் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறதா? நான் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் முக்காட்டைச் சரிசெய்தபடி அமைதியாகச் சொன்னீர்கள். "போட்டாச்சு சார். ஆனா அதுல பெரும்பகுதி எங்கயோ இருக்குற சிலபேரோட ரத்தத்துல போட்டது. அடுத்த ஊரு புலப்படத்த வச்சுக்கிட்டு நம்ம வயல அளந்தா சர்வேயர் ஒத்துக்குவாரா?" அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கே நமக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

யாருடைய இரத்தம் என்ற கேள்வி வந்தபோது எங்கள் தெருவைச் சொன்னவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் கூடினோம். நாற்காலி போட்டும் நீங்கள் அதில் உட்காரவில்லை. பெண்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டீர்கள். மூக்கையன் மாமாதான் முதலில் எழுந்தார்.

"ரத்தத்த எடுத்துட்டுப் போயி வித்துடுவீங்களா?"

"விக்க மாட்டோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுறோம்" என்றீர்கள்.

"எங்க ரத்தத்துல அப்புடி என்னாங்க இருக்கு?"

"எல்லாரு ரத்தத்துலயும் இருக்கறதுதான் மாமா. ஒரு மனுசனுக்குள்ள எது எப்படி உண்டாகணும்ங்கற வெவரம் பூரா நீள நூல் மாதிரி இருக்கு. அத வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கிருமிக்குள்ள வச்சு வளப்போம்."

கிருமி என்றதும் சலசலப்பு. நீங்கள் அசரவில்லை. "பாலத் தயிராக்குறதும் கிருமிதான். கரைச்சு வச்ச மாவு காலைல பொங்கி வழியுதுல்ல? அதே மாதிரி இதுவும் பெருகும். அது பெருகுனா நம்ம துண்டும் பெருகும். அவ்வளவுதான்."

"அப்ப என்னய மாதிரியே ஒரு ஆளு மொளச்சு வந்துருமா?"

"வராது மாமா. ஒங்கள மாதிரி ஒரு ஆளு போதும் இந்த ஊருக்கு."

கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு கை நீட்ட யாரும் தயங்கவில்லை. தேவைக்கு மேலேயே வாங்கினோம். குழாய்களில் இருந்த பெயர்ச்சீட்டுகளையெல்லாம் நீங்களே உரித்தெடுத்தீர்கள். கலைத்து வைத்து, பாராமல் ஒன்றை எடுத்தீர்கள். யாருடையது என்று நமக்கும் தெரியக்கூடாது என்பது உங்கள் கட்டளை. ஒருவருடைய டிஎன்ஏவில் என்ன நோய்க்குறி இருக்கிறதென்று நாளைக்கு ஊர் வாயில் விழக்கூடாது. அவருடைய பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க யாரும் யோசிக்கக்கூடாது. நியாயம்தான். ஆனால் அதனால் நடந்தது என்ன தெரியுமா? இன்றைக்கும் எங்கள் தெருவில் கொடுத்தவர்கள் எல்லாருமே, "லாத்தா எடுத்தது என் ரத்தந்தான்" என்று அடித்துச் சொல்கிறார்கள். மூக்கையன் மாமா டீக்கடையில் சத்தியமே செய்கிறார். நான் மறுப்பதில்லை.

ஆரம்பத்தில் மாதக்கணக்கில் தோற்றோம். வெட்டிய துண்டுகள் எல்லாம் சின்னச் சின்னதாகவே வந்தன. சின்னத் துண்டு வைத்து வரைபடம் போட முடியாது. எது எதன் பக்கத்தில் என்று தெரியாது. டிஎன்ஏ நீளமான பொருள், முரட்டுக் கையால் உறிஞ்சினாலே அறுந்துவிடும். நீங்கள் ஒரு பிளேடை எடுத்து, பைப்பெட்டில் மாட்டும் பிளாஸ்டிக் முனைகளின் வாயை ஒவ்வொன்றாக வெட்டி அகலப்படுத்தினீர்கள். "பச்சப்புள்ளையத் தண்ணில எறக்குற மாதிரி எறக்கு" என்று என் மணிக்கட்டைப் பிடித்து வேகத்தைக் குறைத்தீர்கள். துண்டுகளை அளவு பார்த்துப் பிரிக்கும் கருவிக்கு மின்னழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். வாரநாட்களில் மின்சாரம் ஏறி இறங்கியது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளை நாம் ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். உங்கள் பிள்ளைகள் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள், தெரியுமா?

பெரிய துண்டுகள் வந்த அன்று, அவற்றின் அளவைக் காட்டும் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு கேன்டீனுக்குப் போய் இரண்டு பேருக்கும் பூரி வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் தட்டில் இருந்ததை நீங்கள் பாதிகூடச் சாப்பிடவில்லை. வயிற்றில் ஏதோ சரியில்லை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னீர்கள்.

வயிற்றுப் புற்றுநோய். அந்தச் சொல்லை மருத்துவர் சொன்னபோதுகூட, நீங்கள் அடுத்த தட்டுகளுக்கு எத்தனை நாள் ஆகும் என்றுதான் கணக்குப் போட்டீர்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தால், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்குள், "வெள்ளை எத்தன, நீலம் எத்தன?" என்பீர்கள். துண்டு உள்ளே போன பாக்டீரியா தட்டில் வெள்ளையாக வளரும். காலியானது நீலமாக வளரும். அதைத்தான் கேட்கிறீர்கள். பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்த அம்மா, "யாருக்குக் கல்யாணம்? சேலை எடுக்குறீங்களா?" என்று கேட்டார். உங்களுக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். "ஆமாம்மா, எனக்கு வெள்ளைதான் வேணும்" என்று அவருக்குப் பதில் சொன்னீர்கள்.

அதன் பிறகு அதிக நாள் இல்லை. அதிராம்பட்டினத்தில் உங்கள் வீட்டு வாசலில், பெண்கள் நின்ற பக்கமாக நானும் நின்றேன். பள்ளிவாசல் பக்கம் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாருடைய கண்ணிலும் நான் ஓர் ஆய்வுக்கூடத்துப் பெண். உங்கள் வீட்டுக்காரர் ஜபருல்லா மச்சான் மட்டும் திரும்பிப் பார்த்து, "வளர்மதி, சாப்புடாமப் போயிராத" என்றார். உங்களுக்குப் பிறகு இந்தப் பூமியில் என்னை அப்படிச் சொல்ல ஆள் இருக்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

மீதித் தட்டுகளை நானே முடித்தேன். கடைசித் தட்டை ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தியபோது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அறையில் யாரும் இல்லை. ஒரு ஃப்ரீசரில் மூலத் தொகுப்பு. இன்னொன்றில் அதன் நகல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அறையில்.

போன வருஷம் புயல் வந்தது, லாத்தா.

விடியும்போது காற்று நின்றுவிட்டது. நான் குடியிருக்கும் வீட்டின் மேல் போட்டிருந்த ஷீட் எங்கே போனதென்றே தெரியவில்லை. நனைந்த பாயை உதறிப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சாலை முழுக்கத் தென்னை மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மரம் படுத்திருந்தது. வண்டியை ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு மீதித் தூரத்தை நடந்தே போனேன். மின்கம்பங்கள் வளைந்து வயலுக்குள் தலைவைத்திருந்தன. இந்தக் கம்பிகளில் மின்சாரம் வரப் பல நாள் ஆகும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த அண்ணன் நல்லவர். புயலில் வீட்டுக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் டீசல் குறைவு. பெட்ரோல் பங்கிலும் மின்சாரம் இல்லாததால் பம்பு ஓடவில்லை. நான் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு ஃப்ரீசரையும் ஓட்டினால் மறுநாளே டீசல் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும், அதுவும் விட்டுவிட்டு ஓட்டினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

நகல் இருந்த ஃப்ரீசரை நானே என் கையால் அணைத்தேன்.

நீங்கள் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்களா? எத்தனையோ முறை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். செய்திருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கதவில் ஒரு முறை உள்ளங்கையை வைத்திருப்பீர்கள். நானும் வைத்தேன்.

மூலத் தொகுப்பின் கதவை யாரும் திறக்கக்கூடாது என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். பழைய போர்வைகள், சாக்குகள், தெர்மோகோல் எது கிடைத்தாலும் ஃப்ரீசரைச் சுற்றிக் கட்டினேன். வெளியே இருந்த அளவுகாட்டி மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. மைனஸ் எண்பதில் இருக்க வேண்டியது அறுபதுக்கு வந்தது. ஐம்பதுக்கு வந்தது. ஜெனரேட்டரைப் போட்டால் கொஞ்சம் இறங்கும். நிறுத்தினால் இறங்கியதைவிட அதிகமாக ஏறும். டீசல் தீர்ந்த அன்று காலையில் அது மைனஸ் நாற்பதைத் தாண்டிவிட்டது. போன் வேலை செய்யவில்லை. டிரை ஐஸ் கேட்டு வெளியூருக்கு ஆள் அனுப்ப வழியில்லை.

அப்போதுதான் என் தம்பி சேகர் வந்தான். உங்களுக்கு அவனைத் தெரியும். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவன். குடவாசலிலிருந்து மரங்களைச் சுற்றிச் சுற்றி மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான். முழங்கால் வரை சேறு.

"அக்கா, அம்மா ஒன்ன உசுரோட பாத்துட்டு வரச் சொல்லுச்சு."

"உசுரோடதான்டா இருக்கேன். அம்மா?"

"வீட்டுல கூரையில்ல. வாயி மட்டும் நல்லாருக்கு."

சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவன் பின்னால் வண்டியில் கயிறு போட்டுக் கட்டியிருந்த அந்த அலுமினிய கேனையும் பார்த்தேன். காளை விந்து உறைந்திருக்கும் கேன். உள்ளே திரவ நைட்ரஜன். நம் ஃப்ரீசரைவிட இரண்டு மடங்குக்கு மேல் குளிர், மின்சாரமே தேவையில்லை. எத்தனை வருஷமாக எங்கள் வீட்டு மூலையில் அது கிடக்கிறது!

"சேகரு, அதுல எவ்வளவுடா இருக்கு?"

"இதுல கொஞ்சந்தான். எதுக்கு?"

"பெரிய ஜாடி எங்க இருக்கும்?"

"பால் சங்கத்து டிப்போவுல. டாக்டர் இருப்பாரு. ஏன்க்கா?"

வழியில் சொல்கிறேன் என்று அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கால்நடை மருத்துவர் நாற்பது வயதுக்காரர். டிப்போவின் ஜன்னல்கள் பெயர்ந்திருந்தன. அவர் தரையில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒங்க பொட்டில இருக்கறது என்ன மேடம்?"

"மனுச டிஎன்ஏ, சார். நம்ம ஊரு ஆளோடது. துண்டு துண்டா."

"எங்ககிட்ட இருக்கறது காளையோடது. நைட்ரஜன் வண்டி திருச்சியிலேருந்து எப்ப வரும்னு தெரியல. நான் ஒங்களுக்குக் குடுத்துட்டா இங்க இருக்கறது என்னாவுறது? மாடு சினைக்கு வந்தா ரெண்டு நாளுகூடக் காத்திருக்காது. இந்தப் புயல்ல மாடுதான் மேடம் மிச்சம் இவங்களுக்கு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தென்னை போய்விட்டது, நெல் படுத்துவிட்டது. பாலை நம்பித்தான் பாதிக் குடும்பங்கள். நான் கெஞ்சவில்லை, லாத்தா. உங்களிடம் கற்றதோ என்னவோ, நேராகப் பேசினேன்.

"ஒங்க ஜாடி எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் விந்து இருக்கு. எல்லாத்தையும் ஒரே ஜாடியில சேத்துட்டா இன்னொரு ஜாடி மிச்சமாகும். அதத்தான் கேக்குறேன். வண்டி லேட்டானா நானே திருச்சிக்கு நடந்தாவது போயி ஒங்களுக்கு வாங்கிட்டு வரேன்."

அவர் சேகரைப் பார்த்தார். சேகர், "எங்கக்கா போயிரும் சார்" என்றான்.

மூன்று பேருமாக விந்து அடைத்த குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜாடி மாற்றினோம். காளையின் பெயரை அவர் படிக்க, சேகர் அடுக்க, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மிச்சமான பெரிய ஜாடியை ஒரு குட்டியானை வண்டியில் வைத்து, முன்னால் சேகர் மரம் ஒதுக்கிக்கொண்டே வழிகாட்ட, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம்.

நைட்ரஜன் ஆவியாகி அறையை நிரப்பினால் மூச்சு முட்டிப் போகும். எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தோம். ஃப்ரீசரைத் திறந்து, மேல்தட்டில் அகலமான எவர்சில்வர் சட்டி வைத்து, அதில் ஊற்றிச் சட்டென்று சாத்தினேன். வெள்ளைப் புகை கதவிடுக்கில் வழிந்து தரையில் ஓடியது. காவல்கார அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோலக் கைகூப்பிவிட்டார். அளவுகாட்டி நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

"காளைக்குப் போற சாமான் இன்னைக்கு மனுசனுக்கு" என்றான் சேகர்.

மின்சாரம் வரும்வரை அப்படியே சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தோம். திருச்சி வண்டியும் நினைத்ததற்கு முன்பாகவே வந்துவிட்டது. எந்த மாடும் காத்திருக்க வேண்டி வரவில்லை.

குளிர் இருந்தது என்பதால் உயிர் இருந்தது என்று சொல்ல முடியாதே. நீங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வரிசையாக ஊசி பதித்த பலகையை எடுத்து, பல தட்டுகளிலிருந்து தொட்டுத் தொட்டுப் புதிய தட்டுகளில் ஒற்றினேன். மறுநாள் காலையில், தட்டுகளை வளர வைத்த சூடறையைத் திறந்தபோது, வரிசை வரிசையாக, மழை விட்ட மறுநாள் நாற்றங்காலில் முளை கண்ட மாதிரி, புள்ளிகள். ஒரு வரிசையும் விடுபடவில்லை. வளர்ந்தால் மட்டும் போதாது என்று உள்ளே இருந்த துண்டுகளையும் வெட்டிப் பார்த்து, பழைய படத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றும் கலையவில்லை, ஒன்றும் குறையவில்லை. அணைத்து வைத்த ஃப்ரீசரிலும் பெரும்பாலானவை பிழைத்துக் கிடந்தன. பாக்டீரியா கெட்டியான ஜீவன். ஆனால் உருகி மறுபடி உறைந்ததை நம்பி யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. அவற்றை முறைப்படி அழித்துவிட்டேன். சரிதானே?

இன்னும் ஒரு சேதி இருக்கிறது. இதற்காகத்தான் உண்மையில் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு குழந்தை மருத்துவர், இளம்பெண், நம் தொகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டாக்கும் ஜீன்களில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே அச்சாக இருக்கும். சில குடும்பங்களில் அதில் ஒன்று இருக்காது. சாதாரணச் சோதனை சின்னச் சின்னத் துண்டாகப் படிப்பதால் எது இருக்கிறது, எது இல்லை என்று குழம்பிவிடுகிறது. அந்தப் பகுதி முழுவதும் ஒரே துண்டாக, ஒன்றும் குறையாமல், நம் மண்ணின் ஆளிடமிருந்து எடுத்தது ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்றாள். தேடினேன். ஒரே துண்டில் அப்படியே இருந்தது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு வெள்ளையா நீலமா என்று கேட்டீர்களே, அந்த நாட்களில் பொறுக்கியெடுத்த தட்டு.

சோதனை வேலை செய்தது. முதலில் வந்த முடிவு குடவாசல் பக்கத்து ஒரு பெண்குழந்தையுடையது. எப்போதும் வெளிறிப்போய் இருப்பாள். வருஷக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரையும் டானிக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஏறவே இல்லை. சோதனையில் தெரிந்தது, அவளுக்கு அந்த ஜீன்கள் பிறவியிலேயே குறைவு. பயப்படும்படியான நோய் இல்லை. இரும்பு மாத்திரை தேவையே இல்லை. மருத்துவர் இதைச் சொன்னபோது என்னையும் கூட உட்கார வைத்திருந்தாள். குழந்தையின் அம்மா பழைய மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நான் பிள்ளைக்கு ஒழுங்கா சோறு போடலன்னு இல்லீங்களே?"

"இல்லம்மா. நீங்க போட்ட சோத்துல ஒரு கொறையும் இல்ல."

"இத எங்க மாமியாகிட்டயும் நீங்களே ஒருவாட்டி சொல்லிருங்க டாக்டரு."

மருத்துவர் அப்போதே போனை வாங்கிச் சொன்னாள். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அதுவரை நான் நம் தொகுப்பை வரைபடம் என்று நினைத்திருந்தேன், லாத்தா. அது ஒருத்தியின் தலைமேல் இருந்த பழியையும் இறக்கி வைக்கும் என்று நாம் எந்த விண்ணப்பத்திலும் எழுதவில்லையே.

அந்த வாரமே அதிராம்பட்டினத்துக்குப் போனேன். மச்சானின் வலைக்கடைக்குப் புதிதாக ஷட்டர் போட்டிருக்கிறது. உள்ளே புது வலைகள் பச்சைப் பச்சையாகத் தொங்குகின்றன. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். மகள் உங்களைப் போலவே பேசுகிறாள், கையை நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டு. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் மச்சான் சொன்னார்.

"நான் துபாய்ல இருந்த காலம் பூரா, எம் பொண்டாட்டி என்ன வேல பாக்குறான்னு கேட்டா, ஆஸ்பத்திரி வேலன்னு சொல்லிருவேன் வளர்மதி. எனக்கு வெளங்குனதில்ல. அவளும் சொல்லிப் பாத்தா. நான்தான் சரி சரின்னு போன வச்சிருவேன்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவ கையால எடுத்து வச்சது, அது இன்னும் உசுரோடயா இருக்கு?"

"உசுரோடதான் மச்சான் இருக்கு. நேத்துக்கூடப் பெருகுச்சு."

அவர் எழுந்து கடைக்கு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு டீ இருந்தது.

இப்போது தொகுப்பின் புதிய நகல் தயாராகிக்கொண்டிருக்கிறது, லாத்தா. ஒரு குழிகூட விடாமல், ஒவ்வொரு தட்டாக நானே சரிபார்க்கிறேன். இந்த முறை அது பக்கத்து ஃப்ரீசருக்குப் போகாது. மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் இடம் கேட்டு வாங்கிவிட்டேன். நம் கடற்கரையைத் தாக்கும் எந்தப் புயலும் அந்த ஊரை எட்டாது. அங்கே நானே கொண்டுபோய் வைப்பேன். யார் கேட்டாலும், எந்த ஊர்ப் பிள்ளைக்காகக் கேட்டாலும், துண்டு கிடைக்கும். நான் இருக்கும்வரை மட்டும் என்று சொல்லவில்லை. நான் போன பிறகும் கிடைக்கும்படி செய்துவிட்டுத்தான் ஓய்வேன். இது வாக்கு.

உங்கள் தங்கச்சி,
வளர்மதி